வேலூருக்குள் வர எவ்வளவு காலம் பிடித்தது?

குடியாத்தத்திலிருந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: “புரட்சிகளும் கண்டுபிடிப்புகளும் அறிவியல், சமூகம், கலை மூன்றையும் எப்படி மாற்றின? புத்தகத்தில் எல்லா உதாரணமும் ஐரோப்பாவாகவே இருக்கிறது. நம்ம வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ஏதாவது சொல்ல முடியுமா சார்?”

தாராளமாகச் சொல்லலாம்மா. அதற்கு முன் ஒரு விஷயம். இந்தத் தலைப்பைப் புத்தகங்கள் ஆண்டு வரிசையில் அடுக்கிவிடுகின்றன. கோபர்னிக்கஸ் 1543, பிரெஞ்சுப் புரட்சி 1789, டார்வின் 1859 என்று மனப்பாடம் செய்கிறவருக்கு, கண்டுபிடித்த மறுநாளே உலகம் மாறிவிட்டது போலத் தோன்றும். பல வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்ததில் எனக்குப் பிடிபட்டது வேறு. கண்டுபிடிப்பு விருந்தாளி மாதிரி, வாசல்வரைதான் தானாக வரும். உள்ளே கூப்பிட வேண்டியது வீட்டுக்காரர்கள். அவர்கள் கூப்பிட ஐந்து வருடமும் ஆகும், நூறு வருடமும் ஆகும். அந்த இடைவெளியில் நடப்பதுதான் உண்மையான வரலாறு. அதைப் பார்க்க வேலூரைவிட வசதியான ஊர் தமிழ்நாட்டில் குறைவு.

புரட்சியிலிருந்தே தொடங்குவோம். 1806 ஜூலை 10 விடியற்காலை. வேலூர்க் கோட்டைக்குள் 69ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த நான்கு கம்பெனி வெள்ளைக்காரச் சிப்பாய்கள், கூடவே சென்னைப் படையின் மூன்று பட்டாளம் இந்தியச் சிப்பாய்கள். 1799இல் சீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகளைக் குடும்பத்தோடு அடைத்து வைத்திருந்ததும் இதே கோட்டையில்தான். முந்தின நாள் திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணம்.

கலகத்துக்குக் காரணம், சென்னைப் படைத் தளபதி சர் ஜான் கிராடக் கொண்டுவந்த உடை விதிகள். அணிவகுப்பில் நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, தாடி கூடாது, காதில் கடுக்கன் கூடாது. தலையில் தொப்பி போன்ற புதுத் தலைப்பாகை, அதில் தோலால் செய்த குஞ்சம். அந்தத் தோல் மாட்டுடையதா பன்றியுடையதா என்ற பேச்சு இந்து, முஸ்லிம் இரு தரப்பையும் ஒன்றாக நிறுத்தியது. மே மாதமே எதிர்ப்புக் காட்டியவர்களில் இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் முன்கூட்டியே சதியைச் சொன்னபோது யாரும் காது கொடுக்கவில்லை.

கோட்டைக்குள் திப்புவின் புலிக்கொடி ஏறியது, கோட்டைத் தலைவர் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். ஆனால் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையும் பீரங்கியுமாக வந்து, அன்று பகலுக்குள் கோட்டையைத் திரும்பப் பிடித்துவிட்டார். சுமார் 350 சிப்பாய்கள் செத்தார்கள். சரணடைந்தவர்களில் நூறு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதைப் பற்றி, உடனிருந்த பொறியாளர் ஜான் பிளாக்கிஸ்டனே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

தேர்வில் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதன் வால்தான் முக்கியம். உடை விதி வாபஸ் ஆனது. திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்குப் போனது. மறு வருடம் கிராடக்கோடு சேர்த்து சென்னை ஆளுநரையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. அந்த ஆளுநர் யார் தெரியுமா? வில்லியம் பெண்டிங்க். அதே பெண்டிங்க் 1828இல் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தார். உடன்கட்டை ஏறுவதைத் தடை செய்ய நினைத்தபோது அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ராணுவ அதிகாரிகளிடம் ரகசியமாகக் கேட்டது: இதனால் சிப்பாய்கள் கொந்தளிப்பார்களா? வேலூரில் சூடுபட்டவர், வேறு எப்படி நடப்பார்? கொந்தளிக்க மாட்டார்கள் என்று பெரும்பாலோர் சொன்ன பிறகுதான் 1829 டிசம்பரில் சட்டம் வந்தது. தோற்றுப்போன கலகம் என்று நாம் சொல்வது, இருபது வருடத்துக்குப் பின்னும் ஒரு கவர்னர் ஜெனரலின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தப் பாடத்தை மறந்தார்கள். 1857இல் தோலுக்குப் பதில் தோட்டாவில் தடவிய கொழுப்பு.

இடையில் சின்னதாக ஒன்று. 1799இல் மைசூரில் கைப்பற்றிய, இரும்புக் குழாய் பொருத்திய ராக்கெட்டுகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அதைப் பார்த்து வில்லியம் காங்கிரீவ் செய்த ராக்கெட்டுகள், வேலூர்க் கலகம் நடந்த அதே 1806இல், அக்டோபரில், பிரான்சின் புலோன் துறைமுகத்தின் மீது பாய்ந்தன. 1814இல் பால்டிமோர் கோட்டை மீது விழுந்த ராக்கெட் வெளிச்சம்தான் அமெரிக்கத் தேசிய கீதத்தில் ஒரு வரியாக நிற்கிறது. திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவில் காவலில், அவர் ஆயுதத்தின் பேரப்பிள்ளை அங்கே பாட்டில்! போர், தொழில்நுட்பம், கவிதை மூன்றும் ஒரே கயிற்றில் வரும் உதாரணம் கேட்டால் இதை எழுதுங்கள்.

பெண்டிங்குக்குத் திரும்புவோம். அவர் காலத்தில்தான் 1835இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அதே வருடம் சென்னையிலும் மருத்துவப் பள்ளி. 1836இல் கல்கத்தாக் கல்லூரியில் மதுசூதன் குப்தா கத்தியை எடுத்துப் பிணத்தை அறுத்தபோது, ஜாதிக் கட்டு ஒன்றும் சேர்ந்து அறுபட்டது. ஐரோப்பிய மருத்துவம் வந்துவிட்டது என்று இதை வைத்துச் சொல்லிவிடலாமா? ஆண்களுக்கு வந்தது.

பெண்கள் கதை வேறு. பிரசவ வலிக்கு குளோரோஃபார்ம் 1847இலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. கை கழுவாத டாக்டர்களால்தான் தாய்மார்கள் சாகிறார்கள் என்று செம்மல்வைஸ் கண்டதும் அதே வருடம். லிஸ்டரின் கிருமிநாசினி அறுவைச் சிகிச்சை 1867. இதற்கெல்லாம் கால் நூற்றாண்டு கழித்து, 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று வீட்டுக்காரர்கள், ஒருவர் பின் ஒருவராக, அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண் ஐடா ஸ்கடரின் வாசலில் வந்து நின்றார்கள். மூவர் மனைவிக்கும் பிரசவம் சிக்கல். ஐடாவின் அப்பா டாக்டர், உடனே கிளம்பத் தயார். ஆனால் ஆண் டாக்டர் வீட்டுக்குள் வரக் கூடாது என்றார்கள். பெண் வந்தால் சரி. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவற்றில் ஒரு பிராமண வீடும் உண்டு, ஒரு முஸ்லிம் வீடும் உண்டு. இந்த மதம், அந்த மதம் என்று இதில் குற்றம் சொல்ல வழியே இல்லை. மருந்தும் கருவியும் தெரு முனையில் இருந்தன, தொட அனுமதி உள்ள கைதான் இல்லை.

ஐடா அமெரிக்கா போய் கார்னெல்லில் 1899இல் மருத்துவம் முடித்தார். அந்தக் கல்லூரியே அப்போதுதான் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டில் மருத்துவமனை, 1902இல் ஷெல் மருத்துவமனை, 1909இல் செவிலியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆண்களை மாணவர்களாகச் சேர்த்ததே 1947இல்தான். அதுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, சி.எம்.சி. அந்தப் பெயரைக் கேட்டதும் நாட்டின் முதல் திறந்த இதய அறுவைச் சிகிச்சை 1961, சிறுநீரக மாற்று 1971 என்று அடுக்குவோம். என் கணக்கில் அவற்றைவிடப் பெரிய தேதி 1918.

இன்னொரு இடைவெளி இதைவிட நீளம். தொழுநோய்க் கிருமியை நார்வேக்காரர் ஹான்சன் கண்டது 1873இல். பரம்பரை நோய் இல்லை, பாவத்தின் சம்பளம் இல்லை, கிருமி என்று தெரிந்தாயிற்று. மாறியதா? 1898இல் வந்த சட்டம் தொழுநோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க வழி செய்தது. கிருமி என்று தெரிந்ததே அடைத்துவைக்கக் காரணமாகவும் ஆனது. அறிவியல் வளர்ந்தால் மனிதத்தனமும் தானாக வளரும் என்று கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

1946இல் வேலூர் வந்த பால் பிராண்ட் எலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர். செங்கல்பட்டு தொழுநோய் நிலையத்தில் மடங்கிப்போன கைகளைப் பார்த்தார். தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் தானாக உதிரும் என்பது டாக்டர்களும் நம்பிய விஷயம். ஆனால் மடங்கிய அந்தக் கை அவர் கையைப் பற்றியபோது பிடி இரும்பு மாதிரி இருந்தது. சதை செத்திருந்தால் இந்த பலம் எப்படி?

அவர் கண்டது இதுதான். கிருமி தாக்குவது நரம்பை, அதுவும் முழங்கை, மணிக்கட்டு போலத் தோலுக்குப் பக்கத்தில் ஓடுகிற, குளிர்ச்சியான இடங்களில். முழங்கையில் நரம்பு கெட்டால் உள்ளங்கைச் சிறு தசைகள் செயல் இழந்து, விரல்கள் பறவை நகம் போல மடங்கும். முன்கையின் பெரிய தசைகளில் பல நன்றாகவே இருக்கும். அதில் ஒன்றின் தசைநாரை எடுத்து விரலுக்கு மாற்றிக் கட்டினால்? 1948இல் அப்படிச் செய்தார். விரல் நிமிர்ந்தது. உடம்பு மட்டும் இல்லை, மூளையும் புதிதாகப் பழக வேண்டும். இத்தனை நாள் ஒரு வேலை செய்த தசையை இனி வேறு வேலை செய்யச் சொல்லிப் பல வாரம் பயிற்சி கொடுத்தார்கள். களிமண், தச்சு வேலை எல்லாம் அதில் சேர்ந்தது.

கை சரியானவர்களுக்கும் விரல் குறைந்துகொண்டே வந்தது. ஏன்? பிராண்டும் கூட இருந்தவர்களும் நோயாளிகளோடே இருந்து ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். துருப்பிடித்த பூட்டை ஒரு பையன் சாவியால் வலுக்கட்டாயமாகத் திருப்புகிறான், விரலில் எலும்புவரை கிழிகிறது, அவனுக்குத் தெரியவே இல்லை. சூடான பாத்திரத்தைத் துணி இல்லாமல் தூக்குகிறார்கள். சிலருக்கு ராத்திரி தூங்கும்போது விரலின் ஒரு பகுதி காணாமல் போயிற்று. காவல் இருந்து பார்த்தால், எலி! வலி தெரியாததால் தூங்குகிறவர் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். வலி என்பது தண்டனை அல்ல, காவல்காரன் என்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் நம்ம ஊரும் ஒன்று.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அறுவைச் சிகிச்சைக் கத்தி இல்லை, செருப்பு. உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுவதால்தான் புண் ஆறுவதில்லை என்று புரிந்ததும், மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்ற மெத்தான ரப்பரில் செருப்பு செய்தார்கள். சுருக்கமாக எம்.சி.ஆர். செருப்பு. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்துக்கும் இதில் பெரிய பங்கு. இன்று தமிழ்நாட்டில் சர்க்கரை நோயாளிகள் கடையில் கேட்டு வாங்குவதும் அதே எம்.சி.ஆர். செருப்புதான். பாதப் புண்ணைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு ஆற வைக்கும் முறையை இந்தியாவிலிருந்து பிராண்ட் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். இப்போது உலகம் முழுக்க நீரிழிவுக் கால்புண்ணுக்கு அதுதான் முதல் தரச் சிகிச்சை. ஒதுக்கிவைத்த மனிதர்களின் காலில் கற்றதை வைத்துத்தான், ஒதுக்கிவைத்தவர்களின் கால்கள் இன்று தப்பிக்கின்றன.

சட்டம் எப்போது வந்துசேர்ந்தது? டாப்சோன் மருந்து 1940களில். கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1980களின் தொடக்கத்தில். 1898 சட்டத்தை நாடாளுமன்றம் ரத்து செய்தது 2016. தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு நீங்கியது 2019. ஹான்சனிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள், 146 வருடம்.

அடுத்து தோல். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் பழைய முறை ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். குழியில் ஊறவைத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றது வாலாஜா ரோட்டில். அதற்கப்புறம் இங்கே பதப்படுத்திய தோல் சென்னைத் துறைமுகம் போய்ச் சேருவது பெரிய காரியமாக இல்லை. குரோமிய உப்பால் தோலைப் பதப்படுத்தும் முறைக்கு 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை. வாரங்கள் நாட்களாகச் சுருங்கின. நீல நிறத்தில் ஈரமாக எழும் அந்தத் தோலை ‘வெட் ப்ளூ’ என்றே நம்ம டேனரிகளில் சொல்வார்கள். 1970களில் அரைகுறையாகப் பதப்படுத்திய தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டதும், இங்கேயே ஷூவும் கைப்பையும் செய்யும் ஆலைகள் பெருகின. ஆம்பூரில் காலையில் ஷூ கம்பெனி வேனுக்குக் காத்திருக்கும் பெண்கள் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு புரட்சிதான். துப்பாக்கிச் சத்தம் இல்லாததால் யாரும் தேதி குறித்துவைக்கவில்லை.

விலையைக் கொடுத்தது பாலாறு. டேனரிக் கழிவால் கிணறு உவர்த்தது, தென்னை காய்ந்தது. 1991இல் தொடங்கிய பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ கெட்டுவிட்டதாக அதில் பதிவாகியிருக்கிறது. தீங்கு உறுதியாக நிரூபணம் ஆகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. இந்தியாவில் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் இன்றும் வேலூர் பெயர் அடிபடுவது இதனால்தான். ஆறு மட்டும் சரியாகவில்லை. 2025 ஜனவரியில் மறுபடி உச்ச நீதிமன்றம் இழப்பீட்டைப் பற்றி உத்தரவு போட வேண்டியிருந்தது. ‘தொழில் வேண்டுமா, ஆறு வேண்டுமா’ என்று பட்டிமன்றம் வைக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. கழிவைச் சுத்திகரிக்கும் வித்தை தெரியாமல் போகவில்லை. செலவு யாருடையது என்பதில்தான் முப்பது வருடம் ஓடிவிட்டது.

தூய அறிவியலுக்கு ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகம். அன்று வட ஆற்காடு, இன்று திருப்பத்தூர் மாவட்டம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போவதைப் பல இடங்களிலிருந்து கவனித்தார்கள், காவலூரும் அதில் ஒன்று. விண்மீனின் ஒளி எதிர்பாராத நேரத்தில் சில நொடி மங்கி மீண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று அப்படித்தான் தெரிந்தது. 1988இல் வானியலாளர் ராஜமோகன் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர். காவலூருக்கு வானம் இருட்டாக இருப்பது முக்கியம். கீழே ஊர்கள் வெளிச்சமாக வளர வளர மேலே தொலைநோக்கிக்குச் சிரமம்.

கலையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் 16ஆம் நூற்றாண்டு நாயக்கர் வேலை. பிற்பாடு ராணுவக் கிடங்கானது, அதற்கப்புறம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் வந்தது. சாமி இல்லாத கோயில். வழிபாடு இல்லாததால் வந்தவர்கள் கண்ணில் பட்டதெல்லாம் சிற்பம். கல்யாண மண்டபத்துத் தூண் யாளிகளைக் ‘கலை’ என்று தனியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கமே அந்தக் காலத்தில் வந்தது. 1981இல் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை ஊர்க்காரர்கள் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்த பிறகு, இப்போது சன்னிதியில்தான் கூட்டம், தூணுக்கு முன்னால் நிற்பவர் கொஞ்சம் பேர். இரண்டும் பார்வைதான். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை.

கூத்தைத்தான் நான் இன்னும் நல்ல உதாரணம் என்பேன். செய்யாறு, ஆரணிப் பக்கத்துத் தெருக்கூத்தில் கல்யாண முருங்கை மரத்தில் செய்த கிரீடமும், தோளில் கட்டும் புஜக்கட்டையும் கட்டி ஆடுவார்கள். இலேசான மரம், மேலே ஜிகினாவும் கண்ணாடித் துண்டும் ஒட்டியிருக்கும். தீவட்டி வெளிச்சத்தில் துரியோதனன் ஒரு சுற்றுச் சுற்றினால் அத்தனை கண்ணாடியும் நெருப்பைப் பிடித்து வீசும். அந்த வெளிச்சத்துக்காகவே செய்த வேஷம் அது. பெட்ரோமாக்ஸ் வந்தது, பிறகு டியூப்லைட். முகம் தெளிவாகத் தெரிந்தது, கண்ணாடி சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. 1840களில் பாரிஸில் பிறந்த ஆர்மோனியம், முகவீணை என்ற ஊதுகுழலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இப்போது அது இல்லாமல் கூத்தே இல்லை என்றாகிவிட்டது. அச்சு இயந்திரம் கூத்துப் பாட்டுகளைச் சின்னப் புத்தகமாக்கித் திருவிழாக் கடைகளில் விற்றது. 1970களில் புரிசைக் கூத்தைப் பார்த்த ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்க, நவீனத் தமிழ் நாடகம் தன் வேரை நம்ம மாவட்டத்துத் தெருவில் கண்டெடுத்தது.

இத்தனையும் கூத்துக்குள் வந்துவிட்டன. திரௌபதி வேஷத்தை மட்டும் ஆண்களே கட்டிக்கொண்டிருந்தார்கள். காஞ்சிபுரம் அருகே 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில்தான் பெண் பிள்ளைகளும் முறையாகக் கற்று, திரௌபதியோடு நிற்காமல், கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ராஜா வேஷமும் ஆடினார்கள்.